சீக்கிரமே சினிமாவுக்கு வந்துடுவீங்க தம்பி!

ஒரு சின்னப் பரீட்சை. பேப்பர், பேனா எதுவும் வேண்டாம். மனசுக்குள்ளேயே பதில் சொன்னால் போதும்.

'96' படத்தில் விஜய் சேதுபதியும் த்ரிஷாவும் ஒன்றும் பேசாமல் நிற்கிற இடங்களில் ஒரு வயலின் வந்து நம் தொண்டையை அடைக்குமே, அந்த இசை யாருடையது? கோவிந்த் வசந்தா. சபாஷ். 'முண்டாசுப்பட்டி'க்கும் 'ஜெய் பீம்' படத்துக்கும் இசை? ஷான் ரோல்டன். 'எனை நோக்கிப் பாயும் தோட்டா'வுக்கு? தர்புகா சிவா. 'மேயாத மான்' படத்துக்கு சந்தோஷ் நாராயணனோடு சேர்ந்து இசையமைத்தவர்? பிரதீப் குமார். அடேயப்பா, நூற்றுக்கு நூறு!

இப்போது இரண்டாவது தாள். இந்த நான்கு பேரும் சினிமாவில் இசையமைக்க வருவதற்கு முன்பே எந்தெந்த இசைக்குழுவில் இருந்தார்கள்? அந்தக் குழுக்களின் சொந்தப் பாட்டு ஒன்றையாவது நீங்கள் கேட்டதுண்டா?

ம்ஹூம். எல்லோரும் ஃபேனைப் பார்க்கிறீர்கள்.

தைக்குடம் பிரிட்ஜ். ஷான் ரோல்டன் அண்ட் ஃப்ரெண்ட்ஸ். யோதகா. லா பொங்கல். இவைதான் விடைகள். வெட்கப்பட வேண்டாம். ரொம்ப நாள் வரைக்கும் நானும் இந்தப் பேப்பரில் ஃபெயில்தான். இதில் தர்புகா சிவாவின் கதை இன்னும் விசேஷம். வருஷக்கணக்கில் மேடை மேடையாக வாசித்தவர். 'எனை நோக்கிப் பாயும் தோட்டா'வின் முதல் பாட்டு 2017-ல் வெளியானபோது இசை யார் என்று சொல்லவில்லை. 'மிஸ்டர் எக்ஸ்' என்று போட்டார்கள். விளம்பரத்துக்காகச் செய்த குறும்புதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவருடைய பாட்டுகளை நாம் ஏற்கெனவே கேட்டிருந்தால் இந்தக் குறும்பு பலித்திருக்குமா? 'அட, இது நம்ம சிவா ஆச்சே' என்று பத்தே நிமிஷத்தில் ஊர் கண்டுபிடித்திருக்காதா?

சரி, நான் செய்த பாவத்துக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் என் நண்பர் ஒருவர் தன் மகனின் பேண்ட் கச்சேரிக்கு வரச் சொன்னார். அஞ்சு பையன்கள். அம்பத்தூர் பக்கம் ஒரு பழைய ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிராக்டிஸ். பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குப் போன் பண்ணாத நாளே கிடையாதாம். கச்சேரி ஒரு மாடி ஹாலில். 300 ரூபாய் டிக்கெட். நான் பத்திரிகைக்காரன் அல்லவா? 'பாஸ் இருக்குமா?' என்று கேட்டேன். பையன் தயங்காமல் ரெண்டு பாஸ் கொடுத்தனுப்பினான். எழுபது நாற்காலி போட்டிருந்தார்கள். நாற்பது பேர் வந்திருந்தோம். அதில் எத்தனை பேர் என்னைப்போல பாஸ் கேஸ் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஏழு பாட்டு. ஏழும் சொந்தப் பாட்டு, தமிழ்ப் பாட்டு. மூன்று சுமார். ஒன்றில் கிடார் சத்தத்தில் வார்த்தையே கேட்கவில்லை. ஆனால் ஐந்தாவது பாட்டு வேறு மாதிரி. லேத் பட்டறை மூடிய பிறகும் தினமும் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிப் போகிற ஒரு அப்பாவைப் பற்றியது. டிரம்ஸ் வாசித்தவன்தான் நண்பரின் மகன். லேத் ஓடுகிற தாளத்தையே பாட்டு முழுக்க மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்ததும் ஹாலில் யாரும் உடனே கை தட்டவில்லை. என் நண்பர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். அவரும் ஒரு காலத்தில் பட்டறையில் இருந்தவர்தான்.

கச்சேரி முடிந்தது. பையன் வியர்வையோடு வந்து நின்றான். நான் அவன் தோளில் கை போட்டு, மனமார, உண்மையிலேயே மனமாரச் சொன்னேன்: "பிரமாதம் தம்பி! நீங்கல்லாம் சீக்கிரமே சினிமாவுக்கு வந்துடுவீங்க!"

"தேங்க்ஸ் அங்கிள்" என்றான். முகத்தில் ஏதோ ஒன்று அணைந்த மாதிரி இருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இதைப் படிக்கிற நீங்களும் யாரோ ஒரு பையனிடம், ஒரு பெண்ணிடம் இதைச் சொல்லியிருப்பீர்கள். இதைவிடப் பெரிய வாழ்த்து நம்மிடம் கிடையாது. நல்லா பாடினால் சினிமா. நல்லா எழுதினால் சினிமா. அந்தப் பையன் ஏற்கெனவே ஒரு வேலையைச் செய்துவிட்டு நம் முன்னால் வந்து நிற்கிறான். நாமோ 'இது சரி, நிஜ வேலை எப்போ ஆரம்பிக்கப் போறே?' என்று கேட்கிறோம். ஓட்டல்காரர் சுடச்சுட இட்லி வைக்கிறார். சாப்பிட்டுவிட்டு 'பிரமாதம்ணே, சீக்கிரமே ஃபைவ் ஸ்டார்ல வேலை கிடைக்கும் உங்களுக்கு' என்று சொல்வோமா?

நான் பி.காம். படித்தவன். கலை, இலக்கியம் எதைப் பார்த்தாலும் முதலில் பற்று வரவுதான் கண்ணுக்குத் தெரியும். எங்கள் பொருளாதாரப் பேராசிரியர் ஒருநாள் கரும்பலகையில் 'மோனாப்சனி' என்று எழுதினார். யாருக்கும் புரியவில்லை. "ஒரே ஒரு சர்க்கரை ஆலை. சுத்தி நூறு கரும்பு விவசாயி. விலையை யார்றா சொல்வான்?" என்று கேட்டார். "ஆலைக்காரன் சார்!" என்றோம். "அவ்ளோதான், உக்காருங்க" என்றார். விற்பவர்கள் நூறு பேர், வாங்குபவர் ஒருத்தர்.

தமிழ்ப் பாட்டின் நிலைமை இதுதான் சார். தமிழ்நாட்டில் பாட்டு வாங்குகிற ஆலை ஒன்றே ஒன்று, சினிமா. ஒரு படத்தின் பாட்டை ஆடியோ கம்பெனி காசு கொடுத்து வாங்குகிறது. போட்ட காசை எடுக்க வேண்டுமே என்று அதைத் தெருவெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. படம் வருவதற்கு மாசக்கணக்கில் முன்னாலேயே ஒரு பாட்டு வருகிறது. அதற்கு முன்னால் அந்தப் பாட்டு வரப்போகிறது என்று ஒரு அறிவிப்பு. ஹீரோ ஆடுகிறார். டி.வி.யில் விழா. எஃப்.எம்.மில் மணிக்கு ஒரு தரம். பத்தாவது தரம் கேட்கும்போது நாமும் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுகிறோம். பாட்டு ஹிட்!

பேண்டுக்கு என்ன இருக்கிறது? பாட்டு இருக்கிறது. அவ்வளவுதான். ஹீரோ கிடையாது, கம்பெனி கிடையாது, பத்தாவது தரம் கிடையாது. பல பாட்டுகளுக்கு முதல் தரமே கிடையாது. பிறகு 'பாட்டு நல்லா இருந்தா தானா ஹிட் ஆகும் சார்' என்று வியாக்கியானம் வேறு.

'தமிழனுக்கு சினிமாப் பாட்டு மட்டும்தான் ஏறும்' என்று ஒரு வாதம் உண்டு. சுத்தப் பொய். நாகூர் ஹனிபாவின் குரல் தெரியாத தமிழன் உண்டா? அவரை சினிமாவா தூக்கிவிட்டது? தர்காவும் கட்சி மேடையும் கேசட்டும் தூக்கிவிட்டன. ஆடி மாசம் வந்தால் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு இல்லாத தெரு இல்லை. கார்த்திகை வந்தால் வீரமணி. புஷ்பவனம் குப்புசாமியையும் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனையும் கேசட் போட்டுக் கேட்டவர்கள் நாம்தானே? இலங்கையில் 1970-களில் ஏ.ஈ.மனோகரன், நித்தி கனகரத்தினம் என்று ஒரு கூட்டம் தமிழில் பொப் இசை பாடி, அது கடல் தாண்டி நம் கல்யாண வீடு வரைக்கும் வந்தது. மலேசியாவிலிருந்து யோகி பி அண்ட் நட்சத்திரா 2006-ல் 'வல்லவன்' ஆல்பத்தோடு வந்தபோது நம் பையன்கள் வாய் பிளந்து கேட்டார்கள். 2021-ல் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. படம் இல்லை, ஹீரோ இல்லை. கோடிக்கணக்கில் கேட்டோம், குழந்தைகள் ஆடின.

காதில் விழுந்தால் கேட்கிற ஜனங்கள்தான் நாம். விழ வைக்க ஒரு வழி வேண்டும். ஹனிபாவுக்குக் கேசட் கடையும் ஒலிபெருக்கியும் இருந்தன. மனோகரனுக்கு இலங்கை வானொலி இருந்தது. ஆல் இந்தியா ரேடியோவில்கூட மெல்லிசை, சேர்ந்திசை என்று சினிமா அல்லாத பாட்டுக்கு ஒரு கால் மணி ஒதுக்கியிருந்தார்கள். தூங்கி வழிந்த கால் மணிதான் பாதி நாள். இருந்தாலும் இருந்தது.

2003-ல் சென்னைக்குத் தனியார் எஃப்.எம். வந்தது. இவர்களுக்குச் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி கிடையாது. ஆக, நாள் முழுக்கப் பாட்டுதான். எத்தனை ஆயிரம் பாட்டுக்கு இடம்! அதில் ராத்திரி பதினோரு மணிக்காவது ஒரு பேண்ட் பாட்டு? ஆட்டோவில், டீக்கடையில், சலூனில் இத்தனை வருஷமாகக் கேட்கிறேன். என் காதில் விழுந்ததில்லை. உங்கள் காதில் விழுந்திருந்தால் எழுதுங்கள், சந்தோஷப்படுவேன்.

டி.வி.? குழந்தைகளை நிற்க வைத்து சினிமாப் பாட்டு பாடச் சொல்லி, ஜட்ஜ் அழுது, அம்மா அழுது, நாமும் அழுகிறோம். 2006-லிருந்து இந்த அழுகை நடக்கிறது. நடுவே ஒரே ஒரு நல்ல காரியம் நடந்தது. 2000-களின் பிற்பகுதியில் சன் டி.வி.யில் இசைக்குழுக்களுக்கென்றே 'ஊலலலா' என்று ஒரு போட்டி வந்தது. ஏ.ஆர்.ரஹ்மானே அதில் பங்கேற்றார். ஜெயித்தது பெங்களூரைச் சேர்ந்த 'அகம்'. கர்னாடக கீர்த்தனையை எலெக்ட்ரிக் கிடாரோடு சேர்த்து, அபஸ்வரமும் இல்லாமல் அலறலும் இல்லாமல் கொடுத்த குழு. 2003-ல் தொடங்கியது. இன்று இந்தியாவில் பேர் சொல்லத்தக்க பேண்டுகளில் ஒன்று.

அகம் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்த ரகசியம் என்ன தெரியுமா? அதில் பலர் வெகு காலம் ஐ.டி. வேலையில் இருந்தார்கள். பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகளில் டிசைன் வேலை பார்த்தவர். அதாவது, மாசச் சம்பளம் பேண்டைக் காப்பாற்றியிருக்கிறது. எங்கள் பாஷையில் இதற்கு மானியம் என்று பெயர். அம்பத்தூர் ஷெட்டுப் பையனுக்கு யார் மானியம் கொடுப்பார்கள்?

கேரளாவைப் பாருங்கள். அங்கேயும் சினிமாதான் ராஜா. ஆனால் கப்பா டி.வி. 2013-ல் 'மியூசிக் மோஜோ' என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கி, பேண்டுகளை வரவழைத்து, 'உங்க பாட்டை வாசிங்கப்பா' என்று விட்டது. தைக்குடம் பிரிட்ஜ் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். அதற்கும் முன்னால் 2008-ல் 'அவியல்' குழு தன் பெயரிலேயே ஒரு ஆல்பம் போட்டது. சுத்த மலையாளத்தில் ராக். இங்கிலீஷ் உச்சரிப்பில் மலையாளம் பாடி ஸ்டைல் காட்டுகிற வேலை எல்லாம் இல்லை. நாட்டுப்புற வார்த்தைகள், அதற்கேற்ற முரட்டு கிடார். எனக்கு மலையாளம் அரைகுறை. ஆனாலும் அந்த ஆல்பத்தை பஸ்ஸில் கேட்டு ஸ்டாப்பைத் தவறவிட்டிருக்கிறேன்.

இனி நம் ஊர்.

2018 ஜனவரி 6. கீழ்ப்பாக்கத்தில் ஒரு மைதானம். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறை மேடை ஏறியது. பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயர் எங்கிருந்து வந்தது? சாதிபேதமற்ற தமிழர் என்று நூறு வருஷத்துக்கு முன்னால் அயோத்திதாசப் பண்டிதர் பேசியதிலிருந்து. பத்தொன்பது பேர். கோட் சூட் போட்டுக்கொண்டு கானா பாடினார்கள். கானா என்றால் என்ன? சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடுவது. சினிமாவுக்குள் வந்தால் ஹீரோ குடித்துவிட்டு ஆடுவதற்கு. இரண்டைத் தவிர மூன்றாவது இடம் அதற்கு இருந்ததில்லை. அந்த மேடை மூன்றாவது இடம். ராக் கிடாரும் ராப்பும் கானாவும் ஒரே வரிசையில் நின்றன. இடஒதுக்கீட்டைப் பற்றி, மலக்குழிச் சாவைப் பற்றி, மாட்டுக்கறியைப் பற்றிப் பாடினார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம். சபாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிற கூட்டம் இல்லை, முதல் தடவையாகத் தன் தெருப் பாட்டை இவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் கேட்கிற கூட்டம்.

எனக்கு அந்தப் பாட்டுகள் எல்லாம் பிடித்தன என்று சொல்ல மாட்டேன். சிலது பாட்டாக இல்லாமல் பேச்சாக நின்றுவிட்டது. ஆனால் அந்தக் குழுவில் பாடிய இசைவாணியை பி.பி.சி. 2020-ல் உலகின் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. ஆம்பளைகள் மட்டுமே பாடிக்கொண்டிருந்த கானாவைப் பாட வந்த பெண். லண்டனுக்குத் தெரிந்துவிட்டது. நம் தெருமுனை சலூன் ரேடியோவுக்குத் தெரியவில்லை. 'என்ஜாய் எஞ்சாமி' பாடிய அறிவும் இந்தக் குழுவிலிருந்து வந்தவர்தான். டென்மாவும் 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு', 'நட்சத்திரம் நகர்கிறது' என்று சினிமாவுக்கு இசையமைத்துவிட்டார். அவருடைய இன்னொரு குழு 'குரங்கன்'. கபேர் வாசுகியோடு சேர்ந்து நடத்தியது. கபேர் வாசுகியை நீங்கள் கேட்டிருக்காவிட்டால் உடனே கேளுங்கள். இனிமையான குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல்.

'ரஹ்மானே பேண்டிலிருந்து வந்தவர்தானே?' என்று மடக்குவார்கள். ஆமாம். 1992-ல் 'ரோஜா'வுக்கு முன்னால் அவர் 'ரூட்ஸ்', 'நெமிசிஸ் அவென்யூ' என்ற குழுக்களில் கீபோர்டு வாசித்தார். அந்த நெமிசிஸ் அவென்யூவின் பாட்டு ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம். ரஹ்மான் வாசித்த குழுவுக்கே இந்த கதி!

பற்று வரவுக் கணக்கில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. இங்கிலீஷில் குட்வில் என்பார்கள். கையால் தொட முடியாது, ஆனால் காசு பெறும். ஒரு கடையின் பெயருக்காகவே ஆள் வருகிறார்கள் இல்லையா, அதன் மதிப்பு. ஒரு பேண்டின் மொத்தச் சொத்தும் அதுதான். அஞ்சு பேர் பத்து வருஷம் வாசித்துச் சேர்த்த பெயர். அதிலிருந்து ஒருவர் சினிமாவுக்குப் போனால் போஸ்டரில் அவர் பெயர் மட்டும் வருகிறது. குழுவின் பெயர் அன்றே பூஜ்யம். அடுத்த நாள் முதல் மீதி நாலு பேர் யார் என்று யாருக்கும் தெரியாது.

போனவரைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கும் வாடகை, இ.எம்.ஐ., குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் உண்டு. பிரதீப் குமார் 'அட்டகத்தி'யில் பாடாமல் போயிருந்தால் நஷ்டம் நமக்குத்தான். என் சண்டை அவர்களோடு இல்லை. ஒரு கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டு, 'எல்லோரும் அது வழியாத்தானே போறாங்க' என்று ஆச்சரியப்படுகிற நம்மோடுதான்.

டெல்லியில் 1990-ல் 'இந்தியன் ஓஷன்' தொடங்கியது. 2000-ல் 'கந்தீசா' ஆல்பம். கேரள சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய அராமிக் வழிபாட்டுப் பாடல் ஒன்றை எடுத்து ஆல்பத்துக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். எவன் வாங்குவான் என்று எந்தக் கம்பெனிக்காரரும் கேட்டிருப்பார். ஜனங்கள் வாங்கினார்கள். இவர்களும் சினிமாவுக்குப் போனார்கள். அனுராக் காஷ்யப்பின் 'பிளாக் ஃபிரைடே'க்கு இசை இவர்கள்தான். ஆனால் எப்படிப் போனார்கள்? குழுவாகப் போனார்கள், குழுவின் பெயரோடு போனார்கள், திரும்பி மேடைக்கு வந்தார்கள். 2009-ல் அசீம் சக்கரவர்த்தி இறந்துபோனார். 2013-ல் தொடங்கியவர்களில் ஒருவரான சுஸ்மித் சென் விலகினார். பெயர் நின்றது. கம்பெனிச் சட்டத்தில் படித்திருக்கிறேன்: பங்குதாரர்கள் வருவார்கள், போவார்கள், சாவார்கள், கம்பெனி இருக்கும். ஒரு பேண்ட் அப்படி இருப்பதற்கு அதைக் கேட்கிறவர்கள் காசு கொடுக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு எந்தச் சட்டமும் கிடையாது.

இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2022-ல் 'காந்தாரா' வந்தது. படத்தின் உச்சக்கட்டப் பாட்டு தங்களுடைய 'நவரசம்' பாட்டின் காப்பி என்று தைக்குடம் பிரிட்ஜ் புகார் சொன்னது. படக்குழு மறுத்தது. கோழிக்கோட்டில் கோர்ட் அந்தப் பாட்டுக்குத் தற்காலிகத் தடை போட்டது. ஓ.டி.டி.யில் படம் வேறு மெட்டோடு வந்தது. பிறகு, இந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்று அதே ஊர் கோர்ட் சொல்லி, பழைய மெட்டு திரும்பி வந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? என் கவலை வேறு. தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் அந்தக் குழுவின் பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டதே இந்த வழக்கில்தான். 'யாருப்பா இவங்க, படம் ஹிட் ஆனதும் காசு கேட்டு வந்துட்டாங்க' என்று என் ஆபீஸ் கேன்டீனில் ஒருவர் சொன்னார். பாட்டு போட்டவன் பிச்சைக்காரன் ஆகிவிட்டான், பார்த்தீர்களா?

பேண்டுக்காரர்களுக்கும் நாலு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். முடி வளர்த்துக் கறுப்பு டி-ஷர்ட் போட்டுவிட்டால் போராளி ஆகிவிட முடியாது. தமிழில் ழகரம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் பத்து நிமிஷம் ஒயரைச் சொருகிக்கொண்டு 'ஒன், டூ, மைக் டெஸ்டிங்' சொன்னால் ஜனங்கள் கிளம்பத்தான் செய்வார்கள். பாட்டு எழுத ஆள் தேடுங்கள். கிடாருக்குச் செலவழிக்கிற நேரத்தில் பாதியை வரிகளுக்குச் செலவழியுங்கள். போதும்.

திரும்ப நம் பக்கம். ஒரு கணக்குப் போடலாம் வாருங்கள். டிக்கெட் 300 ரூபாய், 200 பேர் என்று வைத்துக்கொள்வோம். 60,000 ரூபாய். (500 ரூபாய் வரைக்கும் இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அரசாங்கமே விட்டுக்கொடுத்திருக்கிறது.) இதில் ஹால் வாடகை, சவுண்ட், லைட், டிரம்ஸ் ஏற்றி இறக்க வண்டி, பிராக்டிஸுக்கு மணிக்கணக்கில் கொடுத்த வாடகை, போஸ்டர், எல்லாருக்கும் ராத்திரி பரோட்டா. மிச்சத்தை அஞ்சால் வகுத்தால் ஒரு செட் கிடார் கம்பி வாங்கலாம். இதில் அறுபது பேர் என்னைப்போல பாஸ் வாங்கி வந்திருந்தால்? 18,000 ரூபாய் அவுட். கிடார் கம்பியும் போச்சு.

சினிமா முதல் நாள் ஷோவுக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம்? பாப்கார்னுக்கு? அப்போதெல்லாம் 'பாஸ் இருக்கா?' என்று தியேட்டர்காரரிடம் கேட்பதில்லையே!

ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். ஆண்டு விழாவுக்கு இதே பையன்களைக் கூப்பிட்டார்கள். காலையிலிருந்து காக்க வைத்து சாயங்காலம் மேடை ஏற்றினார்கள். இரண்டாவது பாட்டு முடிந்ததும் பேராசிரியர் ஒருவர் மேடைக்குக் கீழே வந்து, "தம்பி, இதெல்லாம் போதும்ப்பா. ரெண்டு குத்துப்பாட்டு போடுங்க, பசங்க ஆடட்டும்" என்றார். போட்டார்கள். ஆடினார்கள். கடைசியில் ஆளுக்கொரு சால்வை, ஒரு கண்ணாடி ஷீல்டு, ஒரு பிரியாணிப் பொட்டலம். வண்டி வாடகை பையன்கள் பாக்கெட்டிலிருந்து.

அதற்கு அடுத்த வருஷம் அந்த டிரம்ஸ் செட் பழைய சாமான் விற்கிற ஆப் ஒன்றில் விற்பனைக்கு வந்திருந்ததை நண்பர்தான் சொன்னார். குழு கலைந்துவிட்டது. ஒருவன் ஒரகடத்தில் கார் கம்பெனியில். ஒருவன் துபாய். பாட்டு எழுதினவன் எங்கே என்று தெரியவில்லை.

போன தை மாசம் பூந்தமல்லி பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன். டிராஃபிக்குக்குப் பயந்து சீக்கிரமே போய்விட்டேன். மண்டபத்தில் யாரும் வரவில்லை. மேடையில் மெல்லிசைக் குழு ஒயர் சொருகிக்கொண்டிருந்தது. டிரம்ஸில் நம் பையன்! தாடி வைத்திருந்தான். இறங்கி வந்து, "அங்கிள், எப்படி இருக்கீங்க?" என்றான். முகூர்த்த சீஸனில் மாசம் பன்னிரண்டு நிகழ்ச்சி வருகிறதாம். "பேமென்ட் கரெக்டா கொடுத்துடுறாங்க அங்கிள்" என்றான். நான் சொன்ன வாழ்த்து அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. ஒரு வகையில் பலித்துவிட்டது. ராத்திரி முழுக்க அவன் வாசிக்கப்போவது சினிமாப் பாட்டுதான்.

சவுண்ட் செக்குக்குக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தான். என்னைப் பார்த்தானா, தானாக வந்ததா, தெரியவில்லை. அந்த லேத் தாளம். கீபோர்டுக்காரர் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே போனார். இரண்டு நிமிஷம் இருக்கும். டைனிங் ஹாலில் இலை போட்டுக்கொண்டிருந்த கேட்டரிங் பையன்களில் ஒருவன் தண்ணீர் ஜக்கோடு வந்து மேடைக்கு முன்னால் நின்று முழுசாகக் கேட்டான்.

"சூப்பரா இருக்குண்ணே. எந்தப் படம்?"

பையன் குச்சியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "இன்னும் ரிலீஸ் ஆகலப்பா."